வினை திரும்பும் கதைகள்: பழைய திகில் காமிக்ஸை வாசிக்கும் முறையும் சேலம், ஏற்காட்டில் பாதுகாக்கும் முறையும்

முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்தவர்கள் 1950களின் அமெரிக்கத் திகில் காமிக்ஸைப் பிரித்ததும் நாயகனைத் தேடுவார்கள். இங்கே நாயகன் கிடையாது. முதல் கட்டத்திலிருந்து நாம் பின்தொடர்வது கொலைகாரனையோ பேராசைக்காரனையோதான். அவன் மாட்டுவான் என்பது தொடக்கத்திலேயே தெரியும். எந்த வடிவத்தில் மாட்டுவான் என்பதுதான் கதை. முற்பகல் செய்யின் பிற்பகல் விளையும் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இந்த ஒழுங்கு புதிதல்ல.

ஈ.சி. என்ற அமெரிக்கக் காமிக்ஸ் நிறுவனத்தின் மூன்று இதழ்களிலிருந்து தொடங்குங்கள்: 'டேல்ஸ் ஃப்ரம் தி க்ரிப்ட்', 'தி வால்ட் ஆஃப் ஹாரர்', 'தி ஹான்ட் ஆஃப் ஃபியர்'. மூன்றும் 1950இல் திகிலுக்கு மாறியவை. பதிப்பாளர் வில்லியம் கெய்ன்ஸ். பெரும்பாலான கதைகளை எழுதியவர் ஆல் ஃபெல்ட்ஸ்டீன். ஓர் இதழில் வழக்கமாக நான்கு கதைகள், ஒவ்வொன்றும் ஆறு முதல் எட்டுப் பக்கம். ஒரே மூச்சில் நான்கையும் படித்தால் முடிவுகள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். ஒரு நாளைக்கு ஒரு கதை போதும்.

படிக்கும்போது பக்கத்தில் ஒரு துண்டுத் தாள் வைத்துக்கொள்ளுங்கள். குற்றம் முடிந்த பக்கத்தில் நிறுத்தி நான்கு விஷயங்களைக் குறியுங்கள்: குற்றத்துக்குப் பயன்பட்ட பொருள், நடந்த இடம், பாதிக்கப்பட்டவரின் பலவீனம், குற்றவாளி அனுபவித்த சுகம். கடைசிப் பக்கம் வந்ததும் இவற்றில் எத்தனை திரும்பி வந்தன என்று பாருங்கள். கதை தேறுகிறதா இல்லையா என்பது இதில் தெரிந்துவிடும்.

இதற்குச் சிறந்த பாடம், 'டேல்ஸ் ஃப்ரம் தி க்ரிப்ட்' 46ஆம் இதழில் ஜார்ஜ் எவன்ஸ் வரைந்த 'பிளைண்ட் ஆலீஸ்'. (முடிவைச் சொல்லப்போகிறோம், படிக்காதவர்கள் அடுத்த பத்திக்குப் போய்விடலாம்.) பார்வையற்றோர் இல்லத்தின் நிர்வாகி அவர்களைப் பட்டினி போடுகிறான், தானும் தன் நாயும் வயிறாரத் தின்கிறார்கள். இறுதியில் அந்தப் பார்வையற்றோர் நாயைப் பட்டினி போடுகிறார்கள், அவனையும் அடைத்து வைக்கிறார்கள். பிறகு சவர பிளேடு பதித்த குறுகலான நடைபாதையில் அவனை விட்டு, விளக்கை அணைக்கிறார்கள். பசி திரும்பியது, நாய் திரும்பியது, இருட்டும் திரும்பியது. வெளியிலிருந்து பேயோ பூதமோ வரவில்லை. அவன் செய்தது மட்டுமே அவன்மேல் வந்து விழுகிறது.

இதற்கு எதிர் உதாரணம், 'ஹான்ட் ஆஃப் ஃபியர்' 19இல் ஜாக் டேவிஸ் வரைந்த 'ஃபவுல் ப்ளே'. காலணி ஆணியில் விஷம் தடவி எதிரணி வீரரைக் கொன்ற பேஸ்பால்காரனின் உடலையே துண்டாக்கி, இறந்தவரின் அணியினர் நள்ளிரவில் ஆட்டம் ஆடுகிறார்கள். பெரிதும் பேசப்பட்ட கதை. ஆனால் நம் நான்கு கேள்விகளில் இடம் மட்டும்தான் நேராகத் திரும்புகிறது. விஷத்துக்குப் பதிலே இல்லை. பழிவாங்கல் என்றால் சரி, வினைப்பயன் என்று சொல்ல முடியாது. டேவிஸின் கோடுகளுக்காகப் பார்க்கலாம்.

இந்தக் கதைகளில் வாசகப் பெட்டிகள் ஏன் இவ்வளவு அடர்த்தி என்று பலருக்கும் சலிப்பு வரும். ஃபெல்ட்ஸ்டீனின் எழுத்துகள் வரைபலகையில் முதலில் ஏறிவிடும். மிச்ச இடத்தில்தான் ஓவியர் வரைய வேண்டும். அதனால் இரண்டு முறை புரட்டுங்கள்: முதலில் படங்களை மட்டும், பிறகு எழுத்தோடு. எழுத்து சொல்லாததைப் படம் எங்கே சொல்கிறது என்பது அப்போது பிடிபடும். ஓவியர் கிரஹாம் இங்கெல்ஸின் அழுகிய முகங்களும் ஒழுகும் சுவர்களும் முதல் புரட்டலிலேயே மனதைப் பிடிக்கும். கதைகளை அறிமுகப்படுத்திப் பேசும் கிழவியும் கல்லறைக் காவலர்களும் நம் வேதாளத்தின் தூரத்து உறவு. அவர்களுடைய ஆங்கிலச் சிலேடை பிடிபடவில்லை என்றால் தாண்டிப் போய்விடலாம்.

1954 ஏப்ரலில், சிறார் குற்றங்களை ஆராய்ந்த அமெரிக்க செனட் துணைக்குழு கெய்ன்ஸை விசாரித்தது. அதே ஆண்டு வந்த காமிக்ஸ் கோடு (Comics Code) என்ற தணிக்கை விதித்தொகுப்பு, தலைப்பில் 'ஹாரர்', 'டெரர்' என்ற சொற்களையே தடுத்தது. ஈ.சி. திகில் இதழ்களை நிறுத்தியது. இன்று அசல் பிரதிகள் குறைவு, விலையும் அதிகம். வாசிக்க மறுபதிப்பே போதும்: டார்க் ஹார்ஸின் வண்ணத் தொகுப்புகள், அல்லது ஓவியர்வாரியாக ஃபேன்டாகிராஃபிக்ஸ் வெளியிட்ட கறுப்பு வெள்ளைத் தொகுப்புகள். கோடுகளைப் படிக்க இரண்டாவதே மேல். தனி இதழை யாராவது அசல் என்று விற்றால் மூன்று இடம் பாருங்கள்: அட்டையில் 10 சென்ட் விலை, உள்ளே பொடி எழுத்தில் பதிப்பாளர் பெயரும் தேதியும், பார்கோடு. 1950களின் இதழில் பார்கோடு இருக்கவே முடியாது.

இனி பாதுகாப்பு. இந்தத் தாள் மலிவான செய்தித்தாள் ரகம்; மரக்கூழில் உள்ள லிக்னினும் அமிலமும் அதை மஞ்சளாக்கி நொறுங்க வைக்கும். சேலத்தில் வெயில் அதை வேகப்படுத்தும், ஏற்காட்டில் ஈரம் பூஞ்சை பிடிக்க வைக்கும். ஆகவே இரண்டு ஊருக்கும் ஒரே வழி ஒத்துவராது.

சேலத்தில் மொட்டை மாடிக்குக் கீழான அறையையும், மேற்குச் சுவரை ஒட்டிய இரும்பு பீரோவையும், பரணையும் தவிருங்கள். சித்திரையில் அவை அடுப்பாகிவிடும். கீழ்த்தள உள்சுவர் அலமாரி நல்லது. ஏற்காட்டில் ஐப்பசி, கார்த்திகையில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். அங்கே இறுக்கமாக மூடும் டப்பா வேண்டும். 20 லிட்டர் டப்பாவுக்குத் துணிப்பையில் சுமார் 100 கிராம் சிலிகா ஜெல் (ஈரத்தை உறிஞ்சும் மணிகள், நிறம் மாறும் ரகம்) வையுங்கள். நிறம் மாறியதும் வெளியே எடுத்து மின்னடுப்பில் (oven) உலர்த்தி மறுபடி வையுங்கள். உள்ளே ஒரு சிறு ஈரப்பதமானி இருக்கட்டும்: 35 முதல் 50 சதவீதம் நல்லது, 65ஐத் தாண்டினால் பூஞ்சை வரும்.

ஒவ்வொரு இதழுக்கும் பாலிப்ரொப்பிலீன் அல்லது மைலார் (இரண்டும் பிளாஸ்டிக் வகைகள்) உறையும் பின்னால் அமிலமற்ற தாங்கு அட்டையும் போடுங்கள். 1950களின் இதழ்கள் இன்றையவற்றைவிட அகலமானவை. அளந்து பார்த்து, கால் அங்குலம் கூடுதலாக உறை வாங்குங்கள். சிறிய உறையில் திணித்தால் ஓரங்கள் மடங்கும். உறையின் வாயை டேப்பால் ஒட்டினால், இதழை வெளியே எடுக்கும்போது டேப் இதழின் மேலட்டையில் பட்டு வண்ணத்தை உரித்துவிடும். வாயை மடித்து தாங்கு அட்டைக்குப் பின்னால் செருகினால் போதும். கிழிசலுக்கும் செல்லோடேப் கூடாது, அதன் பசை பழுத்துக் கறையாகும்.

ராமபாணப் பூச்சிக்கு வசம்பைத் துணியில் முடிந்து அலமாரி மூலையில் வைக்கலாம்; தாளின்மேல் தூவினால் கறை. பாச்சை உருண்டையின் வாடை தாளிலிருந்து போகவே போகாது. ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்திருந்தால் பிடுங்காதீர்கள். தாளோடு ஒட்டியிருக்கும், கூடவே கிழியும். ஏற்காட்டிலிருந்து கீழே கொண்டுவந்த பெட்டியை உடனே திறக்கவும் கூடாது. குளிர்ந்த தாளில் சமவெளிக் காற்றின் ஈரம் படியும். நான்கைந்து மணி நேரம் மூடியபடியே விட்டுப் பிறகு திறங்கள்.