ஈஜிஆர் வால்வில் கரி: கழற்றி வீசவில்லை, கழுவி மாட்டினேன்

அறுவடைக் காலத்தில் மன்னார்குடி–திருவாரூர் சாலையில் நெல் டிராக்டருக்குப் பின்னால் உருட்டியே ஓட்டினால், டீசல் காரின் ஈஜிஆர் வால்வில், அதாவது வெளியேறும் புகையில் ஒரு பங்கைத் திரும்ப என்ஜினுக்குள் விடும் வால்வில், கரி அப்பும். இழுவை குறையும், கரும்புகை வரும். தகடு வைத்து அடைக்கச் சொல்வார்கள், வேண்டாம். புகையில் நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயு கூடும், சட்டப்படியும் தப்பு.

என்ஜின் ஆறியதும் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கனெக்டரை உருவி, போல்ட்டுகளை எடுத்தேன். உள்ளே தோசைக்கல் பிசுக்கு மாதிரி எண்ணெய் ஊறிய கரி. வால்வைத் திறந்து மூடும் மோட்டார் மேலே இருக்கும்படி வால்வைப் பிடித்து, கார்புரேட்டர் கிளீனர் அடித்து, 10 நிமிடம் ஊறவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். கம்பியால் சுரண்டினால் வால்வு உட்காரும் இடம் கீறிக் கசியும். மோட்டாருக்குள் கிளீனர் இறங்கினால் வால்வே போச்சு. வால்வை மாட்டும் இடத்தில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் மட்டும் புதுசு போடுங்கள். நசுங்கிய பழசு வழியே புகை கசியும்.