கோதுமை மாவுச்சத்துத் துகளின் மேற்பரப்பு லிப்பிடுகளைப் பிரித்தெடுக்கும் முறை

கோதுமை மாவுச்சத்தின் எடையில் ஏறத்தாழ 1 விழுக்காடு லிப்பிடு, அதாவது கொழுப்பு வகைப் பொருள், உள்ளது. அதில் பெரும்பகுதி துகளின் உள்ளே, அமைலோஸ் என்ற மாவுச்சத்துச் சங்கிலியின் சுருளுக்குள் அகப்பட்டிருக்கும் லைசோபாஸ்போலிப்பிடுகள் (ஒரு கொழுப்பு அமிலத்தை இழந்த, பாஸ்பரஸ் உள்ள லிப்பிடுகள்). அவற்றுள் முதன்மையானது லைசோபாஸ்பாட்டிடைல்கோலின். துகளின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் கேலக்டோலிப்பிடுகளும் (கேலக்டோஸ் சர்க்கரை உள்ளவை) பாஸ்போலிப்பிடுகளும் இதில் ஒரு சிறு பங்கே. துகள் வளர்ந்த அமைலோபிளாஸ்ட் என்ற செல் நுண்ணுறுப்பின் சவ்விலிருந்து எஞ்சியவை என்றே இவற்றில் ஒரு பகுதி கருதப்படுகிறது. உள்ளிருப்பதைக் கலைக்காமல் வெளியே இருப்பதை மட்டும் எடுப்பதே இங்குள்ள வேலை. அதற்குத் துகள் உடையாமலும் சூடு படாமலும் இருக்க வேண்டும்.

ஐம்பது கிராம் மாவை முப்பது மில்லிலிட்டர் அளவு குளிர்ந்த நீரில் பிசைந்து, கால் மணி நேரம் ஊறவிட்டு, குளிர்ந்த நீருக்குள்ளேயே கசக்கிக் கழுவினால் குளூட்டன் என்ற பசைப் புரதம் கையில் தங்கும், மாவுச்சத்து பால்போல் நீரில் இறங்கும். மாவிலுள்ள லிப்பேஸ் நொதிகள் நீர் பட்டதும் செயல்படத் தொடங்கிக் கொழுப்பு அமிலங்களை விடுவிப்பதால், இந்தக் கட்டத்தைத் தாமதமின்றி முடிக்க வேண்டும். பாலை நுண்ணிய சல்லடைத் துணியில் வடிகட்டி மையவிலக்கியில் சுழற்றினால், அடியில் வெண்மையான படிவும் அதன் மேல் பழுப்பான மென்மையான அடுக்கும் அமையும். மேலடுக்கில் புரதமும் செல்சுவர்த் துணுக்குகளும் சிறு துகள்களும் கலந்திருக்கும். அதைக் கரண்டியால் சுரண்டி நீக்கி, மீதியைப் புதிய நீரில் கலக்கி, பழுப்பு அடுக்கு தோன்றுவது நிற்கும் வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். பி வகை எனப்படும், பத்து மைக்ரோமீட்டருக்குக் குறைந்த சிறு துகள்களில் கணிசமான பங்கு இங்கே வீணாகிறது. எடைக்கு எடை மேற்பரப்பு அதிகம் உள்ளவை அவையே என்பதால், இரு மாதிரிகளை ஒப்பிடுவோர் இரண்டிலும் ஒரே அளவு சுரண்டுவது முக்கியம்.

விரைவாக உலர்த்துவதற்காக மாவுச்சத்தை அசிட்டோனில் அலசும் வழக்கம் உண்டு. இங்கே அதைத் தவிர்க்க வேண்டும். தேடும் லிப்பிடுகளில் ஒரு பகுதி அதனுடனேயே போய்விடும். அறை வெப்பநிலையில் மெல்லப் பரப்பி உலர்த்தினால் போதும். கோதுமை மாவுச்சத்து 52 டிகிரி செல்சியசை ஒட்டியே கூழாகத் தொடங்குவதால் அடுப்பில் வைப்பது ஆபத்தானது. கட்டிகளை விரலால் உதிர்க்கலாம். உரலில் அழுத்தி அரைத்தால் துகள் உடைந்து உள் லிப்பிடு வெளியேறும்.

உலர்ந்த மாவுச்சத்தில் ஐசோபுரொப்பனாலும் நீரும் 90:10 என்ற விகிதத்தில் கலந்த கரைப்பானை ஊற்றி, அறை வெப்பநிலையில் குலுக்கி, வடித்துச் சேகரிக்க வேண்டும். மேலும் ஓரிரு முறை புதிய கரைப்பானில் இதையே செய்யலாம். கரைப்பானை நைட்ரஜன் ஓட்டத்தில் ஆவியாக்குவது நல்லது, ஏனெனில் கோதுமை லிப்பிடுகளில் லினோலியிக் அமிலம் மிகுதி, காற்றில் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும்.

கிடைத்ததைச் சிலிக்கா ஜெல் தகட்டில் மெல்லிய அடுக்கு வண்ணப்பிரிகைக்கு, அதாவது தகட்டில் ஏறும் கரைப்பானால் கூறுகளைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிக்கும் முறைக்கு, உட்படுத்தலாம். குளோரோபார்ம், மெத்தனால், நீர் ஆகியவற்றை 65:25:4 விகிதத்தில் கலந்து, புகைபோக்கிப் பெட்டிக்குள் வைத்து ஓட்ட வேண்டும். கேலக்டோலிப்பிடுகளான மோனோகேலக்டோசைல்டைகிளிசரால் மேலேயும், டைகேலக்டோசைல் வகை நடுவிலும், பாஸ்பாட்டிடைல்கோலின் அதற்குக் கீழேயும், லைசோ வடிவம் தொடங்குகோட்டை ஒட்டியும் நிற்கும். ஆல்பா நாப்தாலும் கந்தக அமிலமும் தெளித்துச் சூடாக்கினால் சர்க்கரை உள்ளவை சிவப்பு ஊதா நிறம் பெறும். மாலிப்டினம் நீலத் தெளிப்பில் பாஸ்பரஸ் உள்ளவை நீலமாகும்.

இதே மாவுச்சத்தின் இன்னொரு பகுதியை நார்மல் புரொப்பனாலும் நீரும் 3:1 ஆகக் கலந்த கரைப்பானில், நைட்ரஜன் சூழலில் 100 டிகிரியில் சாறெடுத்து அதே தகட்டில் பக்கத்தில் ஓட்டுவது, என் கருத்தில் கட்டாயம். அந்தத் தடத்தில் லைசோபாஸ்பாட்டிடைல்கோலின் அடர்த்தியாகத் தெரியும். அறை வெப்பநிலையில் எடுத்த சாற்றின் தடத்திலும் அது அடர்த்தியாக இருந்தால் எங்கோ துகள் உடைந்திருக்கிறது, அந்தச் சாற்றை மேற்பரப்புக்குரியதாகக் கொள்ளக் கூடாது.

சாறு தூய்மையாக அமைந்தாலும் பதிவேட்டில் ‘நீரில் கழுவிய மாவுச்சத்தின் மேற்பரப்பு லிப்பிடு’ என்று எழுதுவதே நேர்மை. பிசையும்போதும் கழுவும்போதும் லிப்பிடுகள் குளூட்டனுக்கும் துகளுக்கும் இடையே இடம் மாறக்கூடும் என்பதால், தானியத்தினுள் இருந்த நிலை இதுவே என்று சொல்ல இயலாது. ஆயினும் ஒப்பீட்டுக்கு இம்முறை பயன் தருகிறது. கிரீன்வெல், ஸ்கோஃபீல்டு ஆகியோர் 1986இல் மென்கோதுமை மாவுச்சத்தின் மேற்பரப்பில் கண்டறிந்த ஃபிரையபிலின் என்ற புரதம் மென்கோதுமையில் மிகுந்தும், வன்கோதுமையில் குறைந்தும், பாஸ்தா செய்யப் பயன்படும் டூரம் கோதுமையில் இல்லாமலும் இருக்கிறது. அதன் முக்கியக் கூறுகளான பியூரோஇண்டோலின்களின் மரபணுக்கள், ரொட்டிக் கோதுமையின் மூன்று மரபுத்தொகுதிகளில் ஒன்றான டி மரபுத்தொகுதியில் உள்ளன. டூரத்தில் அத்தொகுதியே கிடையாது. மேற்பரப்பில் பிணைந்த முனைவுள்ள லிப்பிடுகளும் இதே வரிசையில் குறைவதால், மென்கோதுமை, வன்கோதுமை, டூரம் ஆகிய மூன்றின் சாறுகளையும் ஒரே தகட்டில் ஓட்டினால் புள்ளிகளின் அடர்த்தி அந்த வரிசையில் இறங்க வேண்டும்.