லேனில் கேம் தெரியவில்லையா? கேபிள் முதல் ஃபயர்வால் வரை

ஆறேழு பேர் ஒரே அறையில் கூடி லேனில் (கம்ப்யூட்டர்களைத் தங்களுக்குள் இணைக்கும் உள்ளூர் நெட்வொர்க்) விளையாட இணையம் கட்டாயமில்லை. ஒரு ரூட்டர், எட்டு போர்ட் கிகாபிட் சுவிட்ச் (பல கேபிள்களை ஒன்றாக இணைக்கும் பெட்டி), ஆளுக்கொரு கேபிள் போதும். வைஃபை வேண்டவே வேண்டாம். அதில் யாராவது ஒருவர் பெரிய ஃபைலை இறக்கினாலும் எல்லோருடைய பிங்கும் (தகவல் போய்வரும் தாமதம்) எகிறும்.

1. கேட் 5இ கேபிளே 100 மீட்டர் வரை கிகாபிட் தாங்கும்; அதற்கு மேல் செலவு செய்வது வீண். ஆனால் கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும். நீலம், பழுப்பு ஜோடிகளில் ஒரு கம்பி அறுந்தாலும் இணைப்பு பெரும்பாலும் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். விளையாட அது தாராளம். 50 ஜிபி கேமைக் காப்பி செய்யும்போதுதான் எட்டு நிமிட வேலை ஒன்றேகால் மணி நேரமாக இழுக்கும்.

2. ரூட்டரின் லேன் போர்ட்டிலிருந்து சுவிட்ச்சுக்கு ஒரே ஒரு கேபிள். இரண்டு போட்டால் லூப் ஆகி (தகவல் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்து), விளக்குகள் எல்லாம் படபடவென மின்னி நெட்வொர்க் படுத்துவிடும். பழைய ரூட்டரை சுவிட்ச்சாகப் பயன்படுத்தினால் அதன் டிஎச்சிபியை (கம்ப்யூட்டர்களுக்கு முகவரி கொடுக்கும் வசதி) அணைத்துவிட்டு, லேன் போர்ட்டுகளில் மட்டும் செருகுங்கள்.

3. ஒவ்வொரு கம்ப்யூட்டரின் ஐபி (நெட்வொர்க்கில் அதன் முகவரி எண்) பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் ரூட்டரிடமிருந்து முகவரி வரவில்லை. கேபிளைக் கழற்றி மாட்டுங்கள்.

4. பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான்: ஐபி சரி, கேபிள் சரி, கேமுக்குள் லேன் ஆட்டங்களைக் காட்டும் பட்டியல் மட்டும் காலி.

முதல் சந்தேகம் ஃபயர்வால், அதாவது வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் விண்டோஸின் காவல். கேமை முதல்முறை திறக்கும்போது விண்டோஸ் அனுமதி கேட்கும். அவசரத்தில் கேன்சல் அழுத்தினால் அந்த கேமுக்கு ஒரு தடை விதி பதிவாகிவிடும். பிறகு விண்டோஸில் நெட்வொர்க்கை பிரைவேட் (நம்பகமானது) ஆக்கி, அனுமதி விதி சேர்த்தாலும் பலிக்காது. இரண்டும் மோதினால் தடைதான் ஜெயிக்கும். ஃபயர்வாலின் இன்பவுண்ட் ரூல்ஸ் (உள்ளே வரும் இணைப்புக்கான விதிகள்) பட்டியலில் கேம் பெயருக்கு நேரே சிவப்புக் குறி இருந்தால் அந்த வரியை அழியுங்கள். ஃபயர்வாலை மொத்தமாக அணைப்பது சோம்பேறி வைத்தியம்.

அடுத்தது மெய்நிகர் அடாப்டர், அதாவது மென்பொருள் உருவாக்கும் போலி நெட்வொர்க் இணைப்பு. விர்ச்சுவல்பாக்ஸ், விபிஎன் போன்றவை போட்ட கம்ப்யூட்டரில் கேம் 'நான் இங்கே இருக்கிறேன்' என்ற தன் அறிவிப்பை அந்தப் பொய் அடாப்டர் வழியே அனுப்பிக்கொண்டிருக்கும். 192.168.56 என்று இன்னொரு ஐபி தெரிந்தால் அது விர்ச்சுவல்பாக்ஸ் வேலையாக இருக்கலாம். விளையாடி முடிக்கும்வரை அந்த அடாப்டரை டிசேபிள் செய்யுங்கள்.

பிங் கட்டளையால் (இன்னொரு கம்ப்யூட்டர் பதில் தருகிறதா என்று பார்ப்பது) சோதித்தபோது பதில் வரவில்லை என்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள். விண்டோஸ் பிங்கைத் தடுத்துக்கொண்டே கேமை விடும்.

5. பட்டியலை நம்பாமல் நேரடியாக ஐபி அடிப்பதே என் விருப்பம். கவுன்டர் ஸ்டிரைக் 1.6 என்றால் கன்சோலில் கனெக்ட் கட்டளையோடு 192.168.1.10:27015 மாதிரி சர்வர் (ஆட்டத்தை நடத்தும் கம்ப்யூட்டர்) முகவரி; கடைசி எண் போர்ட் எண், அதாவது அந்தக் கம்ப்யூட்டரில் கேமுக்கான வாசல் எண். மைன்கிராஃப்ட் ஜாவாவின் தனி சர்வருக்கு போர்ட் எண் 25565. ஆனால் 'ஓப்பன் டு லேன்' வழியே திறந்த உலகத்துக்கு போர்ட் எண் வேறாக இருக்கும். சாட்டில் வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிற்சேர்க்கை: நேரடி ஐபியிலும் சேர முடியாவிட்டால் கேம் வெர்ஷன் எண்ணை ஒப்பிடுங்கள். அப்டேட்டை முந்தின நாளே முடித்துவிடுங்கள். ஸ்டீமில் (கேம்களை வாங்கி இறக்கும் தளம்) 2023 முதல் பக்கத்துக் கம்ப்யூட்டரிலிருந்தே கேம் ஃபைல்களை எடுக்கும் வசதி உண்டு. அதற்கு மட்டும் இரண்டு பேரும் ஸ்டீமில் ஆன்லைனில் இருக்க வேண்டும்.