கடலூர், புதுச்சேரி கால்பந்து லீகில் விங்கராக நிலைக்க

மூன்று பேரை ஏமாற்றித் தாண்டிவிட்டு நாலாவது ஆளின் காலில் பந்தைக் கொடுத்துவிடும் விங்கர், அதாவது மைதானத்தின் ஓரமாக ஓடித் தாக்குகிறவர், கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்திலும் உண்டு, புதுச்சேரி உப்பளத்திலும் உண்டு. கூட்டம் விசிலடிக்கும். ஆனால் சீசன் முடிந்து ஆள் எடுக்கும்போது கோச் பார்ப்பது வேறு. ஓரத்திலிருந்து கோல் முன்னால் அடிக்கும் கிராஸ் ஆளுக்குப் போகிறதா, பந்து பறிபோனதும் திரும்பி ஓடி வருகிறானா, தொடை பிடித்துக்கொண்டு பாதி சீசன் வெளியே உட்காருகிறானா என்பதுதான் அவர் கணக்கு. கால்வித்தை இருப்பவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றில்தான் தோற்கிறார்கள்.

பந்து வாங்கும் இடத்திலிருந்து தொடங்குவோம். குதிகால் பக்கக்கோட்டைத் தொடும் அளவுக்கு அகலமாக நில்லுங்கள். உடம்பு மைதானத்தைப் பார்த்துப் பாதி திறந்திருக்கட்டும். மிட்ஃபீல்டர் காலுக்குப் பந்து வரும்போது ஒரு முறை, அவர் அடிக்கக் காலைத் தூக்கும்போது இன்னொரு முறை தோளுக்குப் பின்னால் பார்த்துவிடுங்கள். பந்தைப் பக்கத்துக் காலால் நிறுத்தினால் முதுகு கோலைப் பார்க்கும், எதிரணி பேக் (தடுப்பாட்டக்காரர்) வந்து முதுகில் ஒட்டிக்கொள்வார். தூரத்துக் காலால் வாங்கினால் அதே தொடுதலில் முன்னால் போய்விடலாம்.

பேக்கைத் தாண்டும்போது அவர் காலைப் பாருங்கள். எந்தக் காலை முன்னால் வைத்திருக்கிறாரோ அந்தப் பக்கமாகப் போனால், அவர் இடுப்பைத் திருப்பிக்கொண்டு துரத்த வேண்டும். அந்த நேரம் போதும். இரண்டு மீட்டர் இடைவெளியில் திசையை மாற்றுங்கள். அதைவிட நெருங்கினால் அவர் கால் எட்டிவிடும், தூரத்திலேயே வெட்டினால் சுதாரித்துக்கொள்வார். முழு வேகத்தில் அவர்மேல் போகிறவர்களுக்கு மேலும் கூட்டுவதற்கு வேகம் மிச்சமிருக்காது. முக்கால் வேகத்தில் போய், பந்தைத் தள்ளிய பிறகு மீதியைப் போடுங்கள். தாண்டியதும் அடுத்த தொடுதல் அவர் ஓடும் பாதைக்குக் குறுக்கே இருக்கட்டும். பின்னாலிருந்து உங்கள் காலில் இடித்தால் ஃபவுல். பந்தைச் சுற்றிக் காலை வீசி ஏமாற்றும் ஸ்டெப்ஓவர் ஒன்று போதும், மூன்று போட்டால் உதவிக்கு இரண்டாவது ஆள் வந்துவிடுவார்.

கடைசிப் பந்து

கோல் லைன் வரை போய்விட்ட பிறகு, கண்ணை மூடிக்கொண்டு தூரக் கம்பத்துக்குத் தூக்கி அடிப்பதுதான் நம் பக்கத்து லீகுகளின் தீராத வியாதி. இந்த நிலையில் கட்பேக்தான் முதல் தேர்வு. பெனால்டி புள்ளி கோலிலிருந்து 11 மீட்டர். அந்த வட்டாரத்துக்குத் தரையோடு பின்னால் இழுத்துக் கொடுங்கள். தடுப்பாட்டக்காரர்கள் தங்கள் கோலை நோக்கி ஓடிக்கொண்டிருப்பார்கள், பின்னால் வருகிற ஆள் அவர்கள் கண்ணில் படமாட்டார். பந்துக்குப் பின்னால் இருக்கிறவருக்கு ஆஃப்சைடும் கிடையாது. கோல்கீப்பர் ஏற்கனவே பக்கத்துக் கம்பத்துக்கு வந்திருப்பார்.

கோல் லைனுக்குப் போக முடியாமல் பெனால்டி பெட்டியின் ஓரத்தில் இருந்தால், கோல்கீப்பருக்கும் தடுப்பு வரிசைக்கும் நடுவே முழங்கால் உயரத்தில் வேகமாக அடியுங்கள். ஓடி வருபவர் தொட்டாலும் கோல், தடுப்பவர் காலில் பட்டாலும் கோல். தூக்கி அடிக்கும் பந்து, தலையால் முட்ட உயரமான ஆள் பெட்டியில் இருந்தால் மட்டும்.

கிராஸ் கெடுவது அடிக்கும்போது அல்ல, அதற்கு முந்தைய தொடுதலில். பந்து காலடியில் ஒட்டிக்கிடந்தால் வீச இடமில்லாமல் பாதத்தின் நுனியில் படும். ஒரு மீட்டர் முன்னால், லேசாக உள்பக்கம் தள்ளிவிட்டு, தலையைத் தூக்கி ஒரு பார்வை, பிறகு பந்தைப் பார்த்து அடி. ஊன்றும் கால் பந்துக்குப் பக்கத்தில், ஒரு சாண் தள்ளி இருக்க வேண்டும். அது பின்தங்கினால் உடம்பு சாய்ந்து பந்து கோலுக்கு மேலே போகும், பந்தைத் தாண்டி விழுந்தால் முதல் தடுப்பாளர் முழங்காலில் போய் இடிக்கும்.

நின்ற பந்தை அடித்துப் பழகுவதால் பயன் குறைவு. 20 மீட்டர் ஓடிவந்து அடியுங்கள். ஒரு பயிற்சிக்கு வலது காலால் 20, இடது காலால் 20. பெனால்டி புள்ளி வட்டாரத்தில் இரண்டு பைகளை வைத்து, இடையே 3 மீட்டர் விட்டு, அதற்குள் போனதை மட்டும் எண்ணுங்கள். இருபதில் பத்துக்கு மேல் வர ஆரம்பித்தால் ஒரு ஆளைத் தடுக்க நிறுத்துங்கள், எண்ணிக்கை பாதியாகக் குறையும். அதுதான் உண்மையான கணக்கு.

தரை, ஷூ, தொடை

காய்ந்த மண்தரையில் உலோக ஸ்டட் (ஷூவின் அடியில் உள்ள குமிழ்) வேண்டாம். தரையில் இறங்காது, உள்ளங்கால் எரியும், கணுக்கால் மடங்கும். குட்டைக் குட்டையாக நிறைய ரப்பர் ஸ்டட் உள்ள ஷூ போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தரை குழைந்த பிறகுதான் நீள ஸ்டட்டுக்கு வேலை. பந்தின் காற்று 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ. வரை இருக்கலாம் என்பது விதி. கட்டாந்தரையில் 9, 10-க்கு மேல் ஏற்றினால் பந்து மார்பளவு எகிறும், காலோடு ஓட்டிக்கொண்டு போக உதவாது.

தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஓடுவதைப் பலரும் வேகப் பயிற்சி என்று நினைக்கிறார்கள். தளர்ந்த மணலில் கால் புதைவதால் உச்ச வேகமே வராது, கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும்தான் இழுபடும். அலை நனைத்த மணல் பரவாயில்லை. ஆனால் அது கடல் பக்கம் சரிந்திருக்கும், போன தூரமே திரும்பியும் ஓடினால்தான் ஒரே காலில் சுமை விழாது. வேகத்துக்கு மைதானம்தான்: 30 மீட்டர், 6 முதல் 8 தடவை, ஒவ்வொன்றுக்கும் நடுவே இரண்டரை மூன்று நிமிட ஓய்வு. வார்ம்அப் முடிந்த கையோடு செய்யுங்கள். களைத்த பிறகு ஓடினால் வேகம் கூடாது, தொடைதான் பிடிக்கும்.

விங்கரின் தொழிலைத் தின்பது பின்தொடைத் தசைதான். கால் முன்னால் வீசி, தரையைத் தொடுவதற்குச் சற்று முன் அந்தத் தசை நீண்டபடியே இழுத்துப் பிடிக்கிறது. கிழிவது அங்கேதான். மண்டியிட்டு, நண்பர் கணுக்காலை அழுத்திப் பிடிக்க, உடம்பை நேராக வைத்து மெதுவாக முன்னால் சாயும் நார்டிக் பயிற்சி இந்தக் காயங்களை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது என்பது ஆய்வுகளில் தெரிந்தது. வாரம் இரண்டு நாள், 5 தடவை வீதம் 2 சுற்றில் தொடங்கி, ஒன்றிரண்டு மாதத்தில் 3 சுற்று, எட்டு பத்து தடவைக்குக் கொண்டுபோங்கள். முதல் வாரம் உட்கார்ந்து எழக் கஷ்டமாக இருக்கும். மேட்ச்சுக்கு முந்தைய நாள் செய்யாதீர்கள்.

கரையோரப் புழுக்கத்தில் வெறும் தண்ணீர் போதாது. ஒரு லிட்டரில் ஓ.ஆர்.எஸ். ஒரு பாக்கெட், இல்லையென்றால் உப்புப் போட்ட நீராகாரம்.

பந்து பறிபோனால் முதல் ஐந்து விநாடி எதிரணி பேக்கை விடாமல் துரத்துங்கள். நம் பக்க பேக் இரண்டு பேருக்கு நடுவே மாட்டிக்கொண்டால் பழி அவர்மேல் விழும், கோச் மாற்றுவது உங்களை.

பதிவு, சான்றிதழ், பிழைப்பு

கடலூருக்கும் புதுவைக்கும் பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட இல்லை, கால்பந்தில் இரண்டும் வேறு வேறு சங்கம். மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபியில் தமிழ்நாடு ஓர் அணி, புதுச்சேரி ஓர் அணி. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 7.2 கோடி பேர், புதுச்சேரியில் பன்னிரண்டரை லட்சம் பேர். போட்டி எங்கே குறைவு என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் பிறப்பு, இருப்பிட விதிகளைச் சங்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு கிளப்பில் பதிவான பிறகு வேறு கிளப்புக்கு ஆட, முறையான மாற்றல் வேண்டும். அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கப்புகளில் கெஸ்ட் பிளேயராக ஆடினால் கையில் காசு வரும், காயம்பட்டால் செலவு உங்களுடையது. லீக் நடக்கும் மாதங்களில் தவிர்ப்பது நல்லது.

சம்பளத்தை மட்டும் நம்பிக் கீழ்நிலை லீகில் காலம் தள்ள முடியாது. விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைதான் பெரும்பாலானோரின் இலக்கு. இந்திய அணிக்கு ஆடிய கடலூர் இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். மத்திய அரசு வேலைக்கு மாநில அணிக்காகத் தேசியப் போட்டியில் ஆடியதற்குச் சான்றிதழ் படிவம் 2, பல்கலைக்கழக அணிக்குப் படிவம் 3, பள்ளிக்குப் படிவம் 4. ஆடிய ஆண்டிலேயே சங்கத்திடமோ உடற்கல்வித் துறையிடமோ கையெழுத்து வாங்கிவிடுங்கள். நிர்வாகிகள் மாறிய பிறகு அலைய வேண்டியிருக்கும். கல்லூரியில் சேருபவர்கள் இதற்காகவே அண்ணாமலை, புதுவைப் பல்கலைக்கழக அணித் தேர்வுகளைத் தவறவிடக் கூடாது.

டிரையலுக்கு (கிளப் ஆள் எடுக்கும் தேர்வுக்கு) வீடியோ கேட்டால் உயரத்திலிருந்து எடுத்த மூன்று நிமிடம் போதும். பாட்டு வேண்டாம். பந்தை இழந்து திரும்பி ஓடித் தடுத்த இரண்டு காட்சிகளும் அதில் இருக்கட்டும். டிரையலுக்கே பணம் கேட்டு ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) ஆசை காட்டுகிறவர் வந்தால், ஃபிஃபா தளத்தில் உள்ள உரிமம் பெற்ற முகவர் பட்டியலில் அவர் பெயரைத் தேடிப் பாருங்கள்.

முப்பதை நெருங்கும்போது முதல் ஐந்து மீட்டர் வேகம் குறையும். அதற்கு இரண்டு சீசன் முன்பே தடுப்பு வரிசையின் ஓரத்தில், ஃபுல்பேக் இடத்தில் ஆடிப் பழகுங்கள், விங்கர் எங்கே வெட்டுவான் என்பது உங்களுக்குத் தெரியும். கோச்சிங்கில் இறங்க நினைத்தால் இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் டி லைசென்ஸ் தொடக்கநிலைத் தகுதி. ஆடிக்கொண்டிருக்கும்போதே முடித்துவிடலாம்.