கார்டில் ஓட்டுவதா, போன் மெமரியில் ஏற்றுவதா: பழைய போனில் புது ஓஎஸ் போடுகிறவர்களுக்கு

பழைய போனில் ஆண்ட்ராய்டுக்குப் பதிலாக போஸ்ட்மார்கெட்ஓஎஸ், மோபியன் மாதிரி ஏதாவது லினக்ஸ் போட்டுப் பார்க்கலாம் என்று இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: போனுக்குள் கை வைக்காமல் மெமரி கார்டிலேயே போட்டு ஓட்ட முடியாதா? சில போன்களில் முடியும், பல போன்களில் முடியாது, முடிகிற போன்களிலும் கார்டிலேயே காலம் தள்ளலாமா என்பது தனிக் கேள்வி. மன்னார்குடி, திருவாரூர் பக்கம் பாலிடெக்னிக் படிக்கிற பிள்ளைகளுக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததில் எல்லோரும் ஒரே இடங்களில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த இடங்களில் நின்று நிதானமாகவும், மற்றதைச் சுருக்கமாகவும் எழுதுகிறேன்.

உங்கள் போன் கார்டைப் பார்க்குமா?

பவர் பட்டனை அழுத்தியதும் சிப்புக்குள்ளேயே பதித்து வைத்திருக்கும் ஒரு சின்ன நிரல்தான் முதலில் ஓடும், ஓஎஸ்ஸை எழுப்பிவிடும் அடுத்த கட்ட நிரலான பூட்லோடரை எங்கெங்கே தேடுவது என்று அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. லினக்ஸ் ஓட்டவென்றே செய்யப்பட்ட பைன்போனில் இருக்கும் ஆல்வின்னர் ஏ64 சிப் முதலில் கார்டைத்தான் பார்க்கும். அங்கே எதுவும் இல்லை என்றால்தான் போனுக்குள் இருக்கும் சொந்த மெமரியான இஎம்எம்சிக்குப் போகும். கார்டைச் செருகினால் புது ஓஎஸ், உருவினால் பழையது, அவ்வளவுதான். உள்ளே எதைச் சொதப்பினாலும் ஒரு கார்டை வைத்து மீட்டுவிடலாம் என்பதால் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல போன் கிடையாது.

ஆனால் நம் ஊர் டிராயர்களில் பைன்போன் கிடப்பதில்லை. கிடப்பது 2015 வாக்கில் ஃபிளாஷ் சேலில் அடித்துப் பிடித்து வாங்கிய ரெட்மி 2, லெனோவோ ஏ6000 மாதிரிப் போன்கள். இரண்டிலும் குவால்காம் ஸ்னாப்டிராகன் 410, இரண்டிலும் கார்டு ஸ்லாட், கழற்றி மாட்டும் பேட்டரி. இவற்றின் பூட்லோடர் கார்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது, உள்ளே பூட் பார்ட்டிஷனில் (மெமரியில் ஓஎஸ்ஸை எழுப்புவதற்கென ஒதுக்கிய பகுதி) இருப்பதை எடுத்து ஓட்டுவதோடு சரி. இதற்கு வழி எல்கே2என்டி என்ற இரண்டாம் பூட்லோடர். லேப்டாப்பிலிருந்து கேபிள் வழியாக எழுத உதவும் ஃபாஸ்ட்பூட் மூலமாக அதை பூட் பார்ட்டிஷனில் எழுதிவிட்டால், போனின் சொந்த பூட்லோடர் வழக்கமான ஆண்ட்ராய்டை ஓட்டுகிற மாதிரியே அதை ஓட்டும், அது எழுந்து கார்டிலும் உள்ளேயும் தேடி எதை ஓட்டுவது என்று சொல்லும் எக்ஸ்ட்லினக்ஸ் அமைப்புக் கோப்பு எங்கே இருக்கிறதோ அங்கிருந்து ஓஎஸ்ஸின் கருவான கெர்னலை எடுத்துக்கொள்ளும். ஆன் செய்து, போன் அதிர்ந்த பிறகு வால்யூம் குறைக்கும் பட்டனைப் பிடித்தால் எல்கே2என்டியின் சொந்த ஃபாஸ்ட்பூட் திரை வரும். ஆக, இந்த வகைப் போனில் 'உள்ளே கை வைக்காமல்' என்பது முழுக்க உண்மையில்லை, அந்த ஒரு பார்ட்டிஷன் மாறும். பழைய பூட் இமேஜைக் காப்பி எடுத்து வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

மூன்றாவது வகை, லினேஜ்ஓஎஸ் மாதிரி ஆண்ட்ராய்டையே அடிப்படையாகக் கொண்ட ரோம்கள், அதாவது போனில் ஏற்றும் ஓஎஸ் தொகுப்புகள். இவை போன் மெமரிக்குத்தான், கார்டிலிருந்து ஓட்டும் பேச்சே வேண்டாம். இதில் கார்டு சம்பந்தமாக ஒரே ஒரு எச்சரிக்கை உண்டு, அதைக் கவனமாகப் படியுங்கள். ஆண்ட்ராய்டு 6-இல் வந்த வசதியைக் கொண்டு கார்டை 'இன்டர்னல் ஸ்டோரேஜ்' ஆக மாற்றியிருந்தால் அந்தக் கார்டு பூட்டப்பட்டிருக்கும், சாவி போனின் டேட்டா பார்ட்டிஷனில் இருக்கும். ரோம் மாற்ற டேட்டாவை வைப் செய்த நிமிடமே சாவி போய்விடும், கார்டில் இருக்கும் கல்யாண போட்டோ எதையும் அப்புறம் திறக்க முடியாது. எல்லாவற்றையும் லேப்டாப்புக்கு மாற்றிவிட்டு, கார்டைச் சாதாரண கார்டாக ஆக்கிய பிறகுதான் ரோம் பக்கமே போக வேண்டும்.

வேகம் எங்கே போகிறது

இஎம்எம்சிக்கு எட்டு டேட்டா கம்பி, மெமரி கார்டுக்கு நாலு. எட்டுக் கண் மதகுக்கும் நாலு கண் மதகுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. ஆனால் பெரிய கோப்பைக் காப்பி அடிக்கும் வேகத்தை வைத்து மட்டும் எடை போடாதீர்கள். ஓஎஸ் ஓடும்போது நடப்பது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளை அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுப்பது, நடுவில் லாக் எழுதுவது, டேட்டாபேஸில் ஒரு வரி மாற்றுவது. அட்டையில் 'கிளாஸ் 10' என்று போட்டிருப்பது தொடர்ச்சியாக எழுதும் வேகம் நொடிக்கு 10 எம்பிக்குக் குறையாது என்பதற்கு மட்டும்தான், வீடியோ எடுக்க அது போதும், ஓஎஸ் ஓட்டப் போதாது. ஏ1 என்ற குறி இருக்கிற கார்டை வாங்குங்கள். அதற்கு நொடிக்கு குறைந்தது 1500 சிறு வாசிப்பு, 500 சிறு எழுத்து என்று வரையறை உண்டு. ஏ2 அதைவிட மேல், 4000, 2000, ஆனால் அந்தப் பலன் முழுதாகக் கிடைக்க போன் பக்கமும் ஆதரவு இருக்க வேண்டும், பத்து வருஷப் பழைய போனுக்கு அதிகக் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை.

அதைவிட முக்கியம் கார்டு அசல்தானா என்பது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பாட்டு ஏற்றிக் கொடுக்கும் கடைகளிலும் திருவிழாக் கடைகளிலும் மலிவாகக் கிடைக்கும் '128 ஜிபி' கார்டு பலதில் உண்மையில் அதில் கால்வாசிகூட இருக்காது. கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும்படி மாற்றி வைத்திருப்பார்கள், எழுத எழுத ஏற்றுக்கொள்ளும், திரும்பப் படிக்கும்போதுதான் குட்டு உடையும். ஓஎஸ் போட்டு நாலு நாள் நன்றாக ஓடி, அப்புறம் காரணமே இல்லாமல் கோப்புகள் உடைய ஆரம்பித்தால் பலமுறை ஓஎஸ் மேல் குற்றமே இருக்காது. லினக்ஸில் எஃப்3, விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, இரண்டில் ஒன்றால் கார்டு முழுக்க எழுதிப் படித்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். நேரம் எடுக்கும், ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள்.

கார்டில் எழுதுவது

ஓஎஸ் முழுதும் அடங்கிய ஒற்றைக் கோப்பான இமேஜை இறக்கியதும், அது முழுசாக வந்ததா என்று காட்டும் ஷா256 எண்ணைச் சரிபாருங்கள். வயல்காட்டு ஓரத்தில் இருக்கிற வீடுகளில் சிக்னல் வந்து வந்து போகும், பாதியில் அறுந்த டவுன்லோடை முழுசு என்று நம்பி எழுதுவதுதான் பாதிப் புகார்களுக்குக் காரணம். அப்புறம் கார்டில் எழுத எட்ச்சர் அல்லது டிடி. டிடி என்றால் முதலில் டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையை ஓட்டி, கார்டைச் செருகுவதற்கு முன்பும் பின்பும் பட்டியலை ஒப்பிட்டு, புதிதாக வந்த பெயர் எது, அளவு பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே எழுதுங்கள், ஒரு எழுத்து மாறினால் லேப்டாப் டிஸ்க் காலி.

இமேஜ் கோப்பை ஃபைல் மேனேஜரில் இழுத்துக் கார்டில் போட்டால் ஏன் ஓடாது என்று கேட்பவர்கள் உண்டு. ஏ64 சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள், அது கார்டில் எந்த ஃபோல்டரையும் திறப்பதில்லை. கார்டின் தொடக்கத்திலிருந்து 8 கேபி தள்ளி, அங்கே இல்லை என்றால் 128 கேபி தள்ளி, பூட்லோடர் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். அந்த இடங்கள் எந்தப் பார்ட்டிஷனுக்குள்ளும் வராது, முதல் பார்ட்டிஷனுக்கு முன்னால் விட்டிருக்கும் வெற்றிடத்தில் இருக்கின்றன. அதனால்தான் இமேஜை அப்படியே கார்டின் முதல் பைட்டிலிருந்து எழுத வேண்டியிருக்கிறது.

இதே காரணத்தால் வருகிற இன்னொரு தலைவலி: ஓஎஸ் ஓட்டிய கார்டை ஃபார்மேட் செய்து பாட்டு, போட்டோ என்று போட்டுத் திரும்பப் போனில் செருகுவார்கள், போன் எழாது. ஃபார்மேட் பார்ட்டிஷனைத்தான் துடைத்தது, அதற்கு முன்னால் இருந்த பூட்லோடர் அப்படியே உட்கார்ந்திருக்கிறது, சிப் அதைக் கண்டுபிடித்து ஓட்டுகிறது, அது ஓஎஸ்ஸைத் தேடி நின்றுவிடுகிறது. டிடி வைத்து கார்டின் முதல் சில எம்பியைச் சுழியால் நிரப்பிவிட்டு, பார்ட்டிஷன் டேபிளைப் புதிதாகப் போட்டு, பிறகு ஃபார்மேட் செய்யுங்கள். போனில் எந்தக் கோளாறும் இல்லை.

மின்தடை பற்றி. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் நம் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் கார்டை எழுதும்போது கரண்ட் போனால் கவலையில்லை, திரும்ப எழுதலாம். பைன்போனின் இஎம்எம்சியை எழுதும்போது போனால்கூட கார்டு காப்பாற்றும். ஸ்னாப்டிராகன் 410 போன்களில் எல்கே2என்டி எழுதுவது கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். ஆனால் அவற்றின் சொந்த பூட்லோடர் பார்ட்டிஷனை எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள், அது கெட்டால் கார்டு காப்பாற்றும் என்று நம்ப முடியாது.

உள்ளே மாற்றுவதா, கார்டிலேயே இருப்பதா

பைன்போன் என்றால் என் பதில் தெளிவானது: கார்டில் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள், கால் வருகிறதா, ஆடியோ கேட்கிறதா, பேட்டரி நிற்கிறதா என்று திருப்தியானதும் இஎம்எம்சிக்கு மாற்றிவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கார்டை அப்படியே டிடியால் உள்ளே காப்பி அடிக்காதீர்கள், எழுதிக்கொண்டிருக்கும்போதே காப்பி எடுத்தால் கோப்பமைப்பு பாதி பழையது, பாதி புதியது என்று வரும். ஜம்ப்டிரைவ் என்ற சின்ன இமேஜைக் கார்டில் போட்டு பூட் செய்தால், யுஎஸ்பி கேபிள் வழியாக இஎம்எம்சி லேப்டாப்பில் பென் டிரைவ் மாதிரித் தெரியும், அதில் புது இமேஜை எழுதலாம். போனுக்குள்ளிருந்தே எழுதுவதானால் எது கார்டு, எது இஎம்எம்சி என்று குழம்பாமல் இருக்க ஒரு அடையாளம்: பட்டியலில் எந்தப் பெயருக்குப் பக்கத்தில் பூட்0, பூட்1 என்று இரண்டு குட்டிகள் தெரிகிறதோ அதுதான் இஎம்எம்சி. கார்டுக்கு அவை இருக்காது.

மாற்றிய பிறகு ஒரு விசித்திரம் நடக்கும். அதே இமேஜ் கார்டிலும் இருந்து, கார்டும் செருகியே இருந்தால், இரண்டு இடத்திலும் பார்ட்டிஷன்களுக்கு ஒரே யுயுஐடி (அடையாள எண்), ஒரே லேபிள். கெர்னல் கார்டிலிருந்து எழுந்து ஓஎஸ் கோப்புகள் இருக்கும் ரூட் பார்ட்டிஷனை உள்ளிருந்து எடுத்துக்கொள்ளும், அல்லது நேர்மாறாக. அப்டேட் போட்டேனே, பழைய கெர்னலே வருகிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான். கார்டை உருவிவிடுங்கள், அல்லது அதைத் துடைத்துவிடுங்கள். இரண்டும் வேண்டும் என்றால் கார்டில் வேறு ஓஎஸ் போடுங்கள்.

410 போன்களுக்கு நான் நேர்மாறாகச் சொல்வேன். ரெட்மி 2-இல் 8 அல்லது 16 ஜிபிதான், அதுவும் இத்தனை வருஷம் வாட்ஸ்அப் வீடியோவில் தேய்ந்த இஎம்எம்சி. போர்டில் பற்றவைத்த அது செத்தால் போன் போச்சு, கார்டு செத்தால் புதுக் கார்டு. கார்டில் இருந்தால் மோடெம்எஸ்டி1, மோடெம்எஸ்டி2, எஃப்எஸ்ஜி என்ற பார்ட்டிஷன்கள் பக்கம் தவறிக்கூடப் போகமாட்டீர்கள், ஐஎம்இஐ சம்பந்தப்பட்ட தகவல் அங்கேதான் இருக்கிறது. எப்படியும் அந்த மூன்றையும் முதலிலேயே காப்பி எடுத்து லேப்டாப்பில் வையுங்கள். திருத்துறைப்பூண்டியில் ஒரு உரக்கடையில் இப்படி ஒரு ரெட்மி 2 கார்டிலேயே ஓடுகிறது, சிம் கிடையாது, கடைக்குள் வைஃபையில் ஸ்டாக் கணக்கு வைக்கும் குட்டி சர்வர், அதற்குக் கார்டின் வேகம் தாராளம்.

கார்டில் தங்குவது என்று முடிவெடுத்தால் எழுத்தைக் குறையுங்கள். ரேம் போதாதபோது பயன்படும் ஸ்வாப்பைக் கார்டில் வைக்காமல், ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும் இசட்ரேம் போடுங்கள். சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி உள்ள ஓஎஸ் என்றால் அதன் லாக் பதிவான ஜர்னலை ரேமிலேயே வைக்கச் சொல்லுங்கள். பார்ட்டிஷன்களை எப்படி இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் நோஎடைம் என்று சேருங்கள், கோப்பைப் படிக்கும்போதெல்லாம் நேரம் எழுதுவது நிற்கும். நிறுவும்போதே என்கிரிப்ஷனும் போடுங்கள், கார்டை உருவி வேறு ரீடரில் செருகினால் எல்லாம் தெரியும் என்ற நிலையில் விடக்கூடாது. நாகப்பட்டினம், வேதாரண்யம் மாதிரிக் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு: உப்புக்காற்றில் கார்டின் பித்தளை நிறத் தகடுகள் மங்கிப் போகும், நடுவில் கார்டே காணாமல் போகிற மாதிரி ஓஎஸ் உறைந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் பாருங்கள்.

எந்த வழியில் போனாலும் இதை இரண்டாவது போனாக வையுங்கள். ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது, 4ஜியிலேயே கால் பேச வைக்கும் வோல்ட்டி சரியாக அமையாத ஓஎஸ்ஸில் கால் பேச முடியாது. லினக்ஸில் வங்கி ஆப்கள் வராது, பூட்லோடர் திறந்த ஆண்ட்ராய்டிலும் பல மறுத்துவிடும்.

கார்டில் எல்லாம் அமைத்து முடித்த அன்றே போனை அணைத்து, கார்டை லேப்டாப்பில் செருகி, கார்டை டிடியால் ஒரு இமேஜாக எடுத்து எக்ஸ்இசட்டில் சுருக்கி வையுங்கள். புதுக் கார்டு வாங்கும்போது அளவைப் பாருங்கள், 32 ஜிபி என்று போட்டிருந்தாலும் ஒரு கம்பெனிக்கும் இன்னொன்றுக்கும் சில எம்பி கூடக் குறைய இருக்கும், சின்னதாகப் போனால் இமேஜ் கடைசியில் நுழையாது. அதனால் கார்டின் கடைசி ஒரு ஜிபியை முதலிலேயே பார்ட்டிஷன் போடாமல் காலியாக விட்டு, இமேஜையும் கடைசிப் பார்ட்டிஷன் முடிகிற இடத்தோடு நிறுத்தி எடுத்துக்கொள்ளுங்கள்.