பைசா கோபுரத்துக்கு ஒரு மணி நேரம் போதும் என்று நினைப்பவர்களுக்கு

பெயரிலிருந்தே ஆரம்பித்துவிடலாம். பள்ளிப் பாடத்தில் படித்த நாளிலிருந்து நமக்கு அது ‘பைசா’. இத்தாலிக்காரர்களுக்கு அது ‘பீசா’. ஃபிளாரன்ஸ் ரயில் நிலையத்துக் கவுண்டரில் ‘பைசா’ என்று கேட்டால், சில்லறை கேட்கிறோமா என்பதுபோல ஒரு பார்வை கிடைக்கும். ‘பீட்சா’ என்று சொல்லிவிட்டால் கேன்டீன் பக்கம் கை காட்டுவார்கள்.

இது சின்னத் தவறு, சிரித்துவிட்டுப் போகலாம். பெரிய தவறு ஒன்று இருக்கிறது: பைசாவுக்கு ஒரு மணி நேரம் போதும் என்று திட்டம் போடுவது. பெரும்பாலான பேக்கேஜ் டூர்களில் அப்படித்தான் எழுதியிருக்கும். ‘பைசா – போட்டோ ஸ்டாப்.’ சுற்றுலாப் பேருந்துகள் கோபுரத்தின் வாசலுக்கு வருவதில்லை. பியெத்ராசாந்தினா சாலையில் இருக்கும் நிறுத்தத்தில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து கோபுரத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிட நடை. திரும்பி வர அதே அளவு. குழந்தைகளும் வயதானவர்களும் இருந்தால் இன்னும் கூடும். ஒரு மணி நேரத்தில் பாதி நடையிலேயே போய்விடும். மிச்சத்தில் கையை நீட்டிக் கோபுரத்தைத் தாங்குவதுபோல ஒரு படம், ஃபிரிட்ஜில் ஒட்ட ஒரு காந்தம். டூர் ஏஜென்டிடம் பணம் கட்டும் முன்பே ‘அங்கே எத்தனை மணி நேரம்?’ என்று கேளுங்கள். மூன்று மணிக்குக் குறைவாக இருந்தால், என்னைக் கேட்டால், அந்த நிறுத்தம் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான்.

மேலே ஏற வேண்டும் என்று நினைப்பவர்கள் செய்யும் தவறு, அங்கே போய் டிக்கெட் வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்புவது. கோபுரத்துக்குள் ஒரு நேரத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையினரைத்தான் விடுவார்கள். ஒவ்வொரு டிக்கெட்டிலும் நேரம் அச்சாகியிருக்கும். கோடையில் காலை பத்து மணிக்குப் போய் நின்றால் மாலை நேரத்து டிக்கெட் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அதிகாரப்பூர்வ இணையதளத்தில் முன்பே எடுத்துவிடுவது நல்லது. கோபுரத்துக்கு மட்டும் சுமார் 20 யூரோ ஆகும். அச்சிட்ட நேரத்தைத் தவறவிட்டால் டிக்கெட் வீண்.

அதைவிட வருத்தமான காட்சி ஒன்று உண்டு. எட்டு வயது நிரம்பாத பிள்ளைகளைக் கோபுரத்தில் ஏற்றமாட்டார்கள். இது தெரியாமல் குடும்பத்துக்கே டிக்கெட் எடுத்துவிட்டு, வாசலில் பிள்ளையோடு யார் நிற்பது என்று அப்பாவும் அம்மாவும் வாதாடிக்கொண்டிருப்பார்கள். பைகளும் உள்ளே போகாது. தோளில் மாட்டும் சின்னக் கைப்பையைக்கூட இலவச லாக்கரில் வைத்துவிட்டுத்தான் வர வேண்டும். அதற்கும் வரிசை உண்டு என்பதால் கால் மணி நேரம் முன்பே போங்கள். கேமராவும் போனும் கையில் இருக்கலாம்.

காலணியைப் பற்றி யாரும் சொல்வதில்லை. சுவரின் உள்ளே சுழன்று ஏறும் பளிங்குப் படிகள் 250-க்கும் மேல். நூற்றாண்டுகளாக மிதிபட்டு நடுவில் குழிந்து வழுவழுப்பாக இருக்கும். கோபுரம் சாய்ந்திருப்பதால், சுற்றி ஏறும்போது ஒரு பக்கம் உடம்பு சுவரை நோக்கித் தள்ளப்படும், அரைச் சுற்று கழிந்ததும் எதிர்ப்பக்கம் இழுக்கும். தேய்ந்த ரப்பர் செருப்போடு ஏறுவது புத்திசாலித்தனம் இல்லை. மூட்டுவலி, தலைசுற்றல் உள்ளவர்கள் ஏறாமலே இருக்கலாம். அதனால் பெரிய நஷ்டம் இல்லை. மேலேயிருந்து எல்லாம் தெரியும், சாய்ந்த கோபுரம் மட்டும் தெரியாது!

இன்னொரு தவறான எண்ணம், கோபுரம் நாளுக்கு நாள் சாய்ந்துகொண்டே போகிறது, விழுவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்பது. 1990-ல் அது சுமார் 5.5 டிகிரி சாய்ந்திருந்தது. இப்போது சுமார் 4 டிகிரிதான். அதாவது நம் தாத்தா காலத்தில் இருந்ததைவிட இன்று நிமிர்ந்து நிற்கிறது. 1989-ல் பாவியா என்ற வட இத்தாலிய நகரில் பழைய கோபுரம் ஒன்று திடீரென்று இடிந்து நான்கு பேர் இறந்தார்கள். அந்தப் பயத்தில் 1990 ஜனவரியில் பைசா கோபுரத்தை மூடினார்கள். சாய்வு தெற்குப் பக்கம். அதனால் வடக்குப் பக்க அடித்தளத்தின் மேல் நூற்றுக்கணக்கான டன் ஈயக் கட்டிகளை அடுக்கினார்கள். பிறகு அந்தப் பக்கத்து மண்ணைச் சாய்வாகத் துளையிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார்கள். கோபுரம் தானாகவே வடக்கே திரும்பி உட்கார்ந்தது. உச்சி 40 சென்டிமீட்டருக்கும் மேல் பின்னுக்கு வந்தது. 2001 டிசம்பரில் மறுபடி திறந்தார்கள். ஏழு அதிசயங்களையும் ஒரே பாட்டில் சுற்றிக் காட்டிய 1998-ஆம் ஆண்டுத் தமிழ்ப் படம் நினைவிருக்கிறதா? அந்தப் படம் வந்தபோது கோபுரம் பூட்டிக் கிடந்தது.

முழுக்க நிமிர்த்தியிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நிமிர்த்தினாலும் நேராக இராது, ஏனென்றால் கோபுரமே ஒரு வளைவு. 1173-ல் அடித்தளம் போட்டார்கள்; மூன்றாவது மாடியை எட்டும்போதே களிமண் தரை இளகத் தொடங்கியது. போர்களால் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் வேலை நின்றது. அந்த இடைவெளியில் மண் இறுகியதால்தான் அது பிழைத்தது, ஒரே மூச்சில் கட்டியிருந்தால் அன்றே விழுந்திருக்கும் என்பது பொறியாளர்களின் கணிப்பு. பிறகு வந்த கொத்தனார்கள் சாய்வை ஈடுகட்ட, தாழ்ந்த பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டினார்கள். அதனால்தான் உற்றுப் பார்த்தால் வாழைப்பழம்போல லேசாக வளைந்திருக்கும்.

இதைத் தெரிந்துகொண்டால் படம் எடுப்பதில் நடக்கும் தவறும் புரியும். கோபுரத்துக்கு நேர் தெற்கிலோ நேர் வடக்கிலோ நின்றால் சாய்வு படத்தில் விழாது; உங்களை நோக்கியோ விலகியோ சாய்ந்திருப்பதால் நேராகத்தான் தெரியும். கிழக்கிலிருந்தோ மேற்கிலிருந்தோ எடுக்க வேண்டும். மேற்குப் பக்கத்து வாயிலில் நுழைந்தால், கோபுரம் கடைசியில் வலது பக்கமாகச் சாய்ந்திருக்கும். பிற்பகல் வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து அதன் மேல் விழும். காலையில் அதே இடத்தில் நின்றால் சூரியன் எதிரே இருக்கும், கோபுரம் கறுத்துப்போகும். படம் எடுக்கும் மும்முரத்தில் பையைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கி நிற்பவர்களுக்காகவே ஜேப்படிக்காரர்கள் காத்திருக்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

கோபுரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதுதான் எனக்கு மனசு ஆறாத தவறு. அது தனிக் கட்டடமே அல்ல. பக்கத்தில் இருக்கும் பேராலயத்தின் மணிக்கூண்டு. கோவிலுக்குப் போய் மணி தொங்கும் இடத்தை மட்டும் பார்த்துவிட்டு வருவோமா? 11-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய அந்தப் பேராலயத்துக்குள் கோபுர டிக்கெட்டைக் காட்டியே போகலாம். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். கோடையில் ஒரு துப்பட்டா கைவசம் இருக்கட்டும். உள்ளே ஜொவான்னி பிசானோ செதுக்கிய பிரசங்க மேடை இருக்கிறது. 1302-க்கும் 1310-க்கும் இடையில் செய்தது. பளிங்கில் அத்தனை மனிதர்களை நெருக்கி, ஒருவர் முகம் இன்னொருவர்போல இல்லாமல் செதுக்கியிருக்கிறார். மேலே தொங்கும் விளக்கைக் காட்டி, இது ஆடுவதைப் பார்த்துத்தான் கலிலியோ ஊசல் விதியைக் கண்டார் என்று கைடுகள் சொல்வார்கள். அந்தக் கதையில் வரும் சம்பவத்துக்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான் இந்த விளக்கையே மாட்டினார்கள். கோபுரத்து உச்சியிலிருந்து அவர் குண்டுகளைப் போட்டதும் அவருடைய சீடர் எழுதிவைத்த கதை. நடந்ததா என்று வரலாற்று ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். கலிலியோ 1564-ல் இந்த ஊரில் பிறந்தது மட்டும் உறுதி.

எதிரே வட்டமாக நிற்கும் ஞானஸ்நான மண்டபத்துக்குள் அவசரமாக எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடாதீர்கள். குறிப்பிட்ட இடைவெளியில் காவலர் கதவைச் சாத்திவிட்டு நடுவில் நின்று சில சுரங்களைப் பாடுவார். ஒரு சுரம் அடங்குவதற்குள் அடுத்ததைப் பாடுவதால், ஒற்றைக் குரல் பாட்டுக் குழுவாக மாறி நிமிர்ந்த கூரையில் சுற்றும். வடக்கே நீளமாக இருக்கும் கம்போசாந்தோ ஒரு கல்லறை மண்டபம். 1944 ஜூலையில் குண்டு விழுந்து கூரையில் தீப்பிடித்தது. கூரை ஈயம் உருகிச் சுவரோவியங்களின் மேல் வழிந்தது. அவற்றில் புகழ்பெற்ற ‘மரணத்தின் வெற்றி’ பல பத்தாண்டு மராமத்துக்குப் பிறகு 2018-ல்தான் பழைய சுவருக்குத் திரும்பியது. கூட்டமெல்லாம் கோபுரத்தடியில் இருக்க, இங்கே நாலைந்து பேர்தான் இருப்பார்கள். காசு யோசிப்பவர்களுக்கு என் யோசனை: ஏறுவதை விட்டுவிட்டு, மற்ற இடங்களுக்கான கூட்டு டிக்கெட்டை எடுங்கள். பாதி விலைதான் ஆகும்.

இனி போக்குவரத்து. ஃபிளாரன்ஸிலிருந்து ரீஜனல் ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். காகித டிக்கெட் என்றால், ஏறும் முன் பிளாட்பாரத்தில் இருக்கும் மெஷினில் முத்திரை குத்த வேண்டும். போனில் எடுத்ததென்றால் செக்-இன் செய்ய வேண்டும். மறந்தால் டிக்கெட் கையில் இருந்தும் அபராதம் உண்டு. ‘ஊருக்குப் புதுசு’ என்ற சமாதானம் எடுபடாது. பக்கத்து நகரமான லூக்காவிலிருந்து வருபவர்கள் பீசா சென்ட்ரலே வரை போகாமல், முந்தைய பீசா சான் ரொஸ்ஸோரேயில் இறங்கினால் கோபுரம் சில நிமிட நடைதான்.

வாடகைக் கார் எடுத்தால் இரண்டு விஷயம். இந்திய லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். பழைய நகரத்துக்குள் அனுமதி பெற்ற வண்டிகள் மட்டுமே போகலாம். கேமரா நம்பரைப் பிடித்துவிடும். ஊர் திரும்பிப் பல மாதம் கழித்து அபராதச் சீட்டு வீடு தேடி வரும்.

நடைபாதையில் விரித்து விற்கும் பிராண்டட் கைப்பைகள் போலி. இத்தாலியில் விற்பவரோடு வாங்குபவருக்கும் அபராதம் உண்டு, 7,000 யூரோ வரை.

சாப்பாட்டை மைதானத்தை ஒட்டிய உணவகங்களில் வைத்துக்கொள்ளாதீர்கள். மேஜைக்கென்று ஆளுக்கு ஒரு தொகை பில்லில் சேரும். அது ஏமாற்று அல்ல, மெனுவில் எழுதியிருக்கும். நாலு தெரு தள்ளிப் போய் ‘சேச்சீனா’ கேளுங்கள். கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். அகலமான தட்டில் ஊற்றி அடுப்பில் சுட்டு, மிளகுத்தூள் தூவித் தருவார்கள். சைவம் சாப்பிடுபவர்களுக்கு இந்த ஊர் வைத்திருக்கும் நல்ல பதில். சூடாக இருக்கும்போதே தின்றுவிட வேண்டும், ஆறினால் வறட்டி.

திரும்பும்போது பஸ்ஸைத் தேடாமல் சென்ட்ரல் ஸ்டேஷன் வரை நடங்கள், அரை மணி நேரத்துக்குள்தான். வழியில் காவலியேரி சதுக்கம், இயற்பியல் மேதை என்ரிகோ ஃபெர்மி படித்த கல்லூரி அங்கேதான். பிறகு ஆர்னோ ஆறு. கரையோரம் பொம்மை வீடு அளவில் ஒரு கோதிக் தேவாலயம், சாந்தா மரியா தெல்லா ஸ்பினா. வெள்ளத்துக்குப் பயந்து 1871-ல் கல் கல்லாகப் பிரித்து உயரமான இடத்தில் மறுபடி கட்டியது. ஸ்டேஷனை நெருங்கும்போது ஒரு மடாலயத்தின் பின்சுவர் முழுக்க, கெட்டி வண்ணங்களில் ஆடும் மனித உருவங்கள் தெரியும். அமெரிக்க ஓவியர் கீத் ஹேரிங் 1989-ல் வரைந்தது. சில மாதங்களில் அவர் இறந்துபோனார். எதிரே ஒரு காபிக் கடை இருக்கிறது. ரயிலுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தால், கவுண்டரிலேயே நின்று குடியுங்கள். உட்கார்ந்தால் விலை கூடும்.