பள்ளிக்கும் கோவிலுக்கும் மட்டுமே ஓடிய வண்டி: பழைய டீசல் ஹேட்ச்பேக் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்தில் பழைய டீசல் ஹேட்ச்பேக் விற்பவர்கள் விரும்பிச் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "அம்மா பள்ளிக்கும் கோவிலுக்கும் மட்டுமே ஓட்டிய வண்டி." வாங்க வந்தவர் மீட்டரைப் பார்க்கிறார். பன்னிரண்டு ஆண்டுகளில் 95,000 கி.மீ. மட்டுமே ஓடியிருப்பதைக் கண்டு மனம் குளிர்ந்து, அங்கேயே முன்பணத்தைக் கொடுத்துவிடுகிறார். பெட்ரோல் வண்டியாக இருந்தால் அந்த மகிழ்ச்சியில் ஓரளவு நியாயம் இருக்கும். டீசலில் அதுவே முதல் தவறு.

டீசல் எஞ்சின் மெதுவாகத்தான் சூடேறும். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிக்குள்ளேயே நான்கு கிலோமீட்டர் போய்த் திரும்பும் வண்டி, முழுச் சூட்டை எட்டுவதற்குள் அணைக்கப்பட்டுவிடுகிறது. அப்போது புகைக்கரியும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து, புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்கே அனுப்பும் ஈ.ஜி.ஆர். வால்விலும் காற்று உள்ளே செல்லும் வழியிலும் தார்போலப் படிகின்றன. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவுக்குள் அசைய வேண்டிய இதழ்கள் ஒட்டிக்கொள்கின்றன. கரி வடிகட்டி பொருத்திய வண்டியில் நிலைமை இன்னும் மோசம். வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்க எஞ்சின் கூடுதல் டீசலைத் தெளிக்கிறது. பயணம் பாதியில் முடிந்தால் அந்த டீசலில் ஒரு பகுதி எஞ்சின் எண்ணெயில் இறங்கிவிடுகிறது. ஆகவே, அளவுக்கம்பியில் எண்ணெய் மேல் கோட்டையும் தாண்டி நின்றால், தாராளமாக ஊற்றி வைத்திருக்கிறார்கள் என்று எண்ணக் கூடாது. மாறாக, ஜோஹானஸ்பர்க்குக்கும் டர்பனுக்கும் இடையே என்3 நெடுஞ்சாலையில் ஓடி 2,40,000 கி.மீ. காட்டும் வண்டி, பராமரிப்புப் புத்தகம் சரியாக இருந்தால், பெரும்பாலும் அதைவிட ஆரோக்கியமாகவே இருக்கும். இரண்டில் ஒன்றை எடுக்கச் சொன்னால் நான் தயங்காமல் இரண்டாவதையே எடுப்பேன்.

சூடான எஞ்சினைச் சோதிப்பது அடுத்த தவறு. இதில் நானே அகப்பட்டிருக்கிறேன். ஒரு ஜனவரியில் வண்டி பார்க்கப் போனபோது, விற்பவர் அதை முன்கூட்டியே கழுவி, ஓட்டி, வாசலில் நிறுத்தி வைத்திருந்தார். சாவியைத் திருப்பியதும் பூப்போலக் கிளம்பியது; வாங்கிவிட்டேன். நம் குளிர்காலமான ஜூலையில், என்3 வழியிலுள்ள ஹாரிஸ்மித்தில் ஓர் இரவு தங்கினோம். மறுநாள் காலை உறைபனியில் அது கிளம்பவே இல்லை. குளிரில் கிளம்புவதற்காக எஞ்சினுக்குள் சூடேற்றும் நான்கு குளோ பிளக்குகளில் மூன்று செத்திருந்தன. கழற்றும்போது ஒன்று சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே முறிந்து, செலவை மூன்று மடங்காக்கியது. டர்பனின் மிதமான குளிர் இந்தக் குறையை ஆண்டுக்கணக்கில் மறைத்துவிடும். ஆகையால் போனவுடன் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் மறுநாள் அதிகாலையில் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்புங்கள். கிளம்பிய நொடியில் சற்றே வெண்புகை வந்து மறைவது பொறுக்கத்தக்கது. சூடேறிய பிறகும் அது நிற்காமல், இனிப்பான வாடையும் வந்தால், குளிர்விக்கும் நீர் எரிகிறது என்று பொருள். நீலப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டும்.

எண்ணெய் கறுத்திருக்கிறதே என்று நல்ல வண்டியை ஒதுக்குபவர்களும் உண்டு. டீசலில் எண்ணெய் மாற்றிய சில நாட்களிலேயே கறுத்துவிடும். விற்பனைக்கு வந்த வண்டியில் தேன்போல மின்னும் எண்ணெய்தான், விற்பதற்காக அவசரமாக மாற்றினார்களோ என்று என் சந்தேகத்தைக் கிளப்பும்.

ஓட்டிப் பார்ப்பதைச் சமதளத் தெருக்களோடு முடித்துக்கொள்ள வேண்டாம். பைன்டவுனிலிருந்து க்ளூஃப் நோக்கி ஏறும் ஃபீல்ட்ஸ் ஹில்லைவிடச் சிறந்த சோதனைக்கூடம் நம் ஊரில் இல்லை. நான்காம் கியரில் மிதியை முழுக்க அழுத்தும்போது எஞ்சின் சுழற்சி மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால், கிளட்ச் வழுக்குகிறது. கண்ணாடியில் கரும்புகை தெரிந்து இழுவையும் குறைந்தால், டர்போவின் காற்றுக்குழாய் எங்கோ பிளந்திருக்கலாம். வண்டியை அணைக்கும் கணத்தில் கடகடவென்று ஒலி எழுந்தால், எஞ்சின் அதிர்வைத் தணிக்கும் இரட்டை ஃப்ளைவீல் சக்கரம் தேய்ந்திருக்கக்கூடும். அதை மாற்றும்போது கிளட்சையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும்.

எல்லா டீசலும் ஒன்றே என்ற நினைப்பு விலை உயர்ந்த தவறு. வோக்ஸ்வாகன் போலோவின் பழைய 1.9 டி.டி.ஐ. டீசல் எஞ்சினில், எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களை அழுத்துவதே கேம்ஷாஃப்ட் என்னும் சுழல் தண்டுதான். அதற்கென வகுத்த 505.01 தர எண்ணெய்க்குப் பதிலாகக் கிடைத்ததை ஊற்றியவர்களின் வண்டிகளில் அந்தத் தண்டின் கேம் முனைகள் தேய்ந்துவிடும். ஃபோர்டு ஃபியஸ்டாவின் 1.6 டி.டி.சி.ஐ. டீசலில் கதை வேறு. இன்ஜெக்டருக்கு அடியிலுள்ள செப்பு வளையம் கசிந்து, கரி எண்ணெயில் கலந்து, டர்போவுக்கு எண்ணெய் கொண்டுபோகும் மெல்லிய குழாயை அடைக்கிறது. "டர்போ புதிதாகப் போட்டிருக்கிறோம்" என்று சொன்னால் மகிழ வேண்டாம். அந்தக் குழாயையும் மாற்றி, எண்ணெய்த் தொட்டியையும் சுத்தம் செய்தார்களா என்று கேளுங்கள். செய்யாவிட்டால் புதிய டர்போவும் பழையதன் வழியே போகும்.

வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்திசைத்து ஓட வைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு அந்தத் தொகையை விலையில் கழியுங்கள். அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும். கி.மீ. குறைவாக ஓடியிருந்தாலும் ரப்பருக்கு வயது ஆகும் என்பதால், "அம்மா ஓட்டிய வண்டி"க்கும் இதில் விலக்கில்லை.

வாங்கிய பின் செய்யும் தவறு எரிபொருளில் இருக்கிறது. நம் நாட்டில் டீசலின் சில்லறை விலையை அரசு நிர்ணயிப்பதில்லை. எனவே எரிபொருள் நிலையத்துக்கு நிலையம் விலை மாறும், மலிவைத் தேடும் ஆசையும் வரும். மண்ணெண்ணெய் கலந்த டீசலில் வழுவழுப்புக் குறைவதால், உயர் அழுத்தப் பம்பு உள்ளுக்குள் தேய்ந்து, அதன் உலோகத் தூள் இன்ஜெக்டர்கள் வரை போய்ச் சேரும். கரி வடிகட்டியுள்ள வண்டிக்கு 500 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 500 பங்கு) கந்தகமுள்ள டீசல் கூடாது; 50 பி.பி.எம். அல்லது அதற்கும் குறைந்த கந்தகமுள்ளதையே ஊற்ற வேண்டும்.

காகிதங்களில் இரண்டு பொறிகள் உண்டு. பதிவுச் சான்றிதழில் கோட் 3 என்றிருந்தால், அது சேதமடைந்து மறுபடி கட்டப்பட்ட வண்டி. கோட் 2, அதாவது சாதாரணப் பழைய வண்டி, என்றிருப்பதாலேயே நிம்மதி அடையவும் முடியாது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனில் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்து, அடிமுனையில் சேற்றுக்கறை இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். சாலையில் ஓடத் தகுதி உண்டு என்று தரும் ரோட்வொர்த்தி சான்றிதழ் பிரேக், விளக்கு, டயர், ஸ்டீயரிங் போன்றவற்றுக்கானது. டர்போவின் ஆயுளைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

தனிநபரிடம் வாங்கும்போது ஒப்பந்தத்தில் ஃபூட்ஸ்டூட்ஸ் என்ற சொல் இருக்கும்; உள்ளது உள்ளபடியே எடுத்துக்கொண்டோம் என்று அதற்குப் பொருள். விற்றவர் குறையை அறிந்தே மறைத்தார் என்று நிரூபித்தால் வழக்கு நிற்கும், ஆனால் நிரூபிப்பது எளிதன்று. வணிகரிடம் வாங்கினால், 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறையுள்ள வண்டியை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கவோ சரிசெய்து தரச் சொல்லவோ உரிமை உண்டு. ஆனால் கையெழுத்திடும் முன் உங்களிடம் வெளிப்படையாகச் சொல்லப்பட்டு நீங்கள் ஒப்புக்கொண்ட குறைகளுக்கு அது பொருந்தாது. எனவே விற்பனைத் தாளில் பொடி எழுத்தில் உள்ள குறைப் பட்டியலை வரிவரியாகப் படித்த பிறகே பேனாவை எடுங்கள்.